திறந்த பொருளாதாரமும் விலகாத அரசும்

1977ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துடன் இலங்கை அரசு பொருளாதாரத்தினின்றும் ஒதுங்கிக்கொண்டது என்பது பலராலும் ஆராயாது ஏற்கப்படும் கூற்றாகும். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்த்தப்பட்டன. நாணயமாற்று விகிதம் ஒருமைப்படுத்தப்பட்டது. 1979இல் பங்கீட்டு அரிசியின் இடத்தை உணவு முத்திரை பெற்றது. இவை உண்மையே. ஆயின், 30 ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்ட மகாவலித் திட்டத்தை 6 ஆண்டுகளில் முடிக்க முற்பட்டதும் இவ்வரசேயன்றோ? விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவிடமும் கொத்மலைக்குச் சுவீடனிடமும் உதவி பெற்றது அரசு. குடியேறுவோரைத் தெரிந்து காணி வழங்கியதும் அரசு. சந்தையின் சின்னமாகக் காட்டப்பட்ட கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தைத்தானும் 1978இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவே நிருவகித்தது. எனவே அரசு சுருங்கிற்றா என்று வினவுவதிலும், எவரை விட்டு எவரிடம் சென்றது என்று வினவுவதே பொருந்தும்.

1970 முதல் 1977 வரையிலான இறக்குமதித் தடைகளின் நிழலில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டு ஓரளவு தலைநிமிர்ந்த யாழ்ப்பாண விவசாயிக்கு அரசின் விலகல் வெறும் கோட்பாடன்று. இறக்குமதிச் சரக்கு சந்தையை நிரப்பியபோது அவன் விளைபொருளின் விலை வீழ்ந்தது. கிணற்றை நம்பிய அவனது தோட்டத்துக்கு மகாவலி நீரும் வந்து சேரவில்லை.