ஐயுற்றோர் அவை

மணிமேகலையின் 27-ஆம் காதையை மாணவர்க்குப் பாடம் சொல்ல நேர்ந்த தமிழாசிரியர், அதனை உவப்போடு நடத்தினார் என்று கேள்விப்பட்டதில்லை. ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ எனப் பெயர் பெற்ற அப்பகுதியில் கதை நகர்வதில்லை, வருணனை இல்லை, வஞ்சி மாநகரில் வாதிகள் பதின்மர் ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் கொள்கையை உரைக்க, மணிமேகலை கேட்டுக்கொண்டே செல்கிறாள். காப்பியத்துக்குள் ஒரு தருக்க நூலைச் சாத்தனார் திணித்துவிட்டார் என்பது திறனாய்வாளர் பலர் கூறும் குறை. யானும் நெடுங்காலம் அக்கட்சியில் நின்றவனே. அங்ஙனம் நின்ற என்னைப் பெயர்த்தது ஓர் ஆராய்ச்சி நூல் அன்று. போர்ட்டிக்சன் சாலையை ஒட்டியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பால்மரம் வெட்டும் முதியவர் ஒருவர் கேட்ட கேள்வி.

அப்பொழுது யான் சிறுவன்; 1950களின் பிற்பகுதி. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, வெட்டுக்காடு சென்று, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், மாலையில் லயத்துக்கு அருகிலிருந்த தேநீர்க் கடையின் விசுப்பலகையில் கூடுவர். பள்ளி ஆசிரியர் படிப்பார். எழுத்தறியாதவர் பெரும்பாலோர் ஆதலின் மற்றையோர் கேட்பர். தமிழ் முரசும் தமிழ் நேசனும் சிரம்பானிலிருந்து பேருந்தில் வரும். தமிழகத்துத் திராவிட இயக்க ஏடுகள் கப்பலேறி, செய்தி பழசான பின் வரும். ஆயினும் அவற்றுக்கே வரவேற்பு மிகுதி. கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. தலைவர், செயலாளர் கிடையாது. ஆனால் அங்கு வந்தவர் அனைவர்க்கும் பொதுவாக ஒன்று இருந்தது. பிறந்த சமயத்தின்மீது அவர்கள் ஐயம் கொண்டிருந்தனர். சிலர் அதைவிட்டு வெளியேறியும் இருந்தனர்.

இத்தகைய கூட்டங்கள் மலாயாவில் தாமே முளைத்தவை அல்ல. 1925-இல் குடிஅரசு தோன்றியது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி, ஈப்போ மாநாட்டில் பேசினார். பின் இந்நாட்டின் ஊர்கள் பலவற்றுக்கும் சென்றார். சிங்கப்பூரில் 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது, 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். பெரியார் மீண்டும் 1954-இன் இறுதியில் பர்மாவுக்குப் போய், அங்கிருந்து மலாயாவுக்கு வந்தார். தீமிதி, காவடி, உயிர்ப்பலி, கள்ளுக்கடை, சாதிப் பிரிவுள்ள லயம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எதிர்த்த இயக்கம் அது. தோட்டத்துப் படிப்புக் கூட்டம் அதன் கடைக்கோடிக் கிளை.

சமயத்தைவிட்டு விலகுதல் என்பது அத்தோட்டத்தில் எதனைக் குறித்தது என்பதை இன்றைய படிப்பாளர் உணர்ந்துகொள்ளல் வேண்டும். பெயர் நீக்குவதற்கு நம்மிடம் பதிவேடு இல்லை. விலக்கி வைப்பதற்குத் தலைமைக் குருவும் இல்லை. ஆனால் மாரியம்மன் கோவில் இருந்தது. ஆண்டுத் திருவிழாவுக்குப் பணம் கொடுக்க மறுத்தவன் அம்மனை மட்டும் மறுத்தவன் ஆகான். அடுத்த வீட்டாரை, மாமன் மைத்துனரை, கரகம் எடுக்கும் தன் தாயை மறுத்தவன் ஆவான். கங்காணியின் செல்வாக்கும் கோவிலின் செல்வாக்கும் பல தோட்டங்களில் ஒரே கையில் இருந்தன என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. விலகியவன் வீட்டில் சாவு விழுந்தால் நீர்மாலை எடுப்பதா, கொள்ளி வைப்பதா, மொட்டை அடிப்பதா என்ற வழக்கு எழும். அவ்வழக்குக்கு விடை தேடித்தான் பலர் அந்த விசுப்பலகைக்கு வந்தனர் என்று இப்பொழுது எண்ணுகிறேன். வந்தவர்க்கு அங்கே கிடைத்தவை வேறு.

கிடைத்தவை வாதங்கள், அவற்றிலும் பெரும்பாலானவை வெல்லும் வாதங்கள். பகத்சிங் எழுதியதைத் தமிழாக்கியதற்காக 1930களில் ஜீவானந்தம் சிறைப்பட்ட வரலாறு அங்கே கதைபோல் சொல்லப்பட்டது. 1943-இல் சென்னையிலும் சேலத்திலும் கம்பராமாயணம் பற்றி அண்ணாதுரை, ரா. பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் பொருதது சொல்லப்பட்டது. 1946-இல் வெளிவந்து, 1948-இல் சென்னை அரசால் தடைசெய்யப்பட்டு, 1971-இல்தான் விடுதலை பெற்ற புலவர் குழந்தையின் இராவண காவியம் பற்றிக் கிசுகிசுவென்று பேசப்பட்டது. இவற்றின் பெருமையைக் குறைத்துக் கூறுவது என் நோக்கம் அன்று. அச்சத்தில் வளர்ந்த மனிதனுக்கு முதலில் வேண்டுவது துணிவு. அதனை இந்நூல்கள் தந்தன. எழுத்தறியாதவர்க்கும் நூலைச் செவிவழியே உடைமையாக்கிய முறை தமிழ்க் கல்வி வரலாற்றிலேயே பெரிய செயல். ஆயினும் திறனாய்வு நோக்கில் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். எதிர்க்கட்சியின் நூலை எதிர்க்கட்சியான் வாயால் கேட்கும் வழக்கம் அங்கு இருக்கவில்லை. திருவாசகத்தின்மேல் உயிரையே வைத்திருந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் பத்தடி தொலைவில்தான் இருந்தார். அவரை ஒருநாளும் எவரும் அழைத்ததில்லை.

ஒருநாள் ஆசிரியர் மணிமேகலையை எடுத்தார். பூதவாதி பேசும் இடத்தைப் படிப்பது அவர் கருத்து. கண்ணால் காண்பதே சான்று, பூதங்களின் கூட்டுறவே உயிர், மறுபிறப்பென்பது இல்லை என்ற கொள்கை தமிழில் அத்தனை பழமையானது என்று காட்டுவது அவர்க்குப் பெருமையாக இருந்தது. மகிழ்ச்சியோடு கேட்டனர். ஆனால் அப்பகுதி அவ்வளவில் நிற்பதில்லை. பழம்பிறப்பை அறிந்தவள் தான் என்று கூறும் மணிமேகலையை அவன் நம்பாதபோது, “உன் தாய் தந்தையரை நீ கருதலளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய்?” என்ற பொருள்பட அவள் மடக்குகிறாள். ஆசிரியர் நேர்மையானவர், அதனையும் மறைக்காமல் படித்தார். கூட்டம் சற்று அடங்கியது. அப்பொழுதுதான் அம்முதியவர் கேட்டார்:

“அதுக்கு அந்த ஆளு என்ன பதில் சொன்னாரு, வாத்தியாரே?”

ஆசிரியர் ஏட்டைப் புரட்டினார். “ஒண்ணும் சொல்லலீங்க பெரியவரே. அதோட முடிஞ்சிடுது.”

“சொல்ல விடலையா, சொல்லத் தெரியலையா?”

மணிமேகலை பற்றி யான் அறிந்த திறனாய்வுகளுள் இவ்வளவு கூர்மையாக நூலின் நெஞ்சைத் தொட்ட வினா வேறொன்று இல்லை. சாத்தனார் பதின்மரையும் பேசவிடுகிறார்; ஒருவனையும் மறுமொழி சொல்ல விடவில்லை. ஆசீவகன் சொல்லில் தடுமாற்றம் கண்டு அவள் அகல்கிறாள். அகன்றபின் அவன் என்ன எண்ணினான் என்பது நமக்குத் தெரியாது. அதனினும் பெரியது ஒன்றுண்டு. அவள் ஐயத்தோடு வந்தவள் அல்லள். பழம்பிறப்புணர்ந்து, அமுதசுரபி பெற்று, அறவணர் வழியில் அடி வைத்தபின்பே வஞ்சிக்கு வருகிறாள். முடிவு கையில் இருக்க, கேள்வி நடக்கிறது. காஞ்சியில் அவள் அடையப்போகும் இடம் எது என்பது பதின்மர் வாய் திறக்குமுன்பே உறுதியாகிவிட்டது. இதனை ஆராய்ச்சி என்பதைவிடச் சோதனை கடந்து செல்லும் சடங்கு என்பதே பொருந்தும்.

அங்ஙனமாயின் அக்காதைக்கு மதிப்பே இல்லையா எனின், உண்டு. அதனையும் அவ்வினாவே காட்டியது. மறுமொழி இல்லையே என்று நாம் வருந்துவதற்குக் காரணம், பூதவாதியின் கட்சியைப் புலவர் கேலிப் பொம்மையாக்காமல், அவன் வாய்மொழியாகவே ஒழுங்காக வைத்திருப்பதுதான். வைதிகம், சைவம், வைணவம், ஆசீவகம், நிகண்டம், சாங்கியம், வைசேடிகம் எல்லாம் அங்ஙனமே வைக்கப்பெற்றுள்ளன. மேலும், இளம்பெண் என்று கருதினால் சமயக்கணக்கர் தம் பொருளை உரையார் என்ற அறிவுரை பெற்று, மாதவன் வடிவம் கொண்டே அவள் செல்கிறாள். யாருக்குக் கேட்கும் உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார். எங்கள் தேநீர்க் கடையில் பெண்டிர் எவரும் இருந்ததில்லை என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சமயத்தின் சுமையை மிகுதியும் தாங்கியவர்கள் அவர்கள். ஐயுறும் உரிமை மட்டும் ஆடவர்க்கு இருந்தது.

எதிர்க்கட்சியைக் காப்பாற்றிய பெருமை தமிழில் இன்னொரு நூலுக்கும் உண்டு. குண்டலகேசி என்னும் பௌத்த நூலை மறுக்க எழுந்தது நீலகேசி என்னும் சமண நூல். குண்டலகேசி அழிந்தது, அதன் சில செய்யுட்களே எஞ்சின. அதில் என்ன வாதம் இருந்தது என்பதை நாம் அறிவதற்குப் பெருந்துணையாக இருப்பவை, அதனை வீழ்த்த வந்த நீலகேசியும் அதன் உரையுமே. 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் அதனைப் பதிப்பித்தார். சைவராகிய உ. வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியை வெளியிடுவதற்கு முன் குடந்தைச் சமணரிடம் சென்று பொருள் கேட்டதும், 1898-இல் மணிமேகலையை வெளியிடுவதற்கு முன் மளூர் அரங்காசாரியாரிடம் பௌத்தக் கொள்கைகளைக் கேட்டறிந்ததும் யாவரும் அறிந்தவை. தன் சமயம் அல்லாததை அதனை அறிந்தார் வாயிலாகக் கேட்டல் என்னும் பண்பு, சமயத்தில் ஊன்றி நின்ற ஐயரிடம் இருந்தது. சமயத்தை ஐயுற்ற எங்களிடம் இல்லை! இதனை நினைக்கும்போது சிறிது நாணம் உண்டாகிறது.

பிற நாட்டு நிலை ஒன்றையும் ஒப்பிட்டுக் காணலாம். அமெரிக்காவில் மார்மன் சமயம் என ஒன்று உண்டு. 1830-இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மார்மன் நூலை மறைநூலாகக் கொண்டது. தேநீரும் காப்பியும் அவர்க்கு விலக்கு. நம் தோட்டத்தார் ஐயுறுவதற்கே தேநீர்க் கடையைத்தான் நாடினர் என்பதை அவர்கள் கேட்டால் வியப்பர்! அச்சமயத்தை ஐயுறுவோரும் விட்டு விலகுவோரும் கூடிப் படிக்கும் வட்டங்கள் அங்கு உள்ளன. அத்தகையோர் கைக்கு வரும் நூல்களுள் இரண்டு நம் கருத்துக்கு உரியவை. ஃபான் புரோடி என்னும் பெண்மணி 1945-இல் ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கையை ஆவணங்களைக் கொண்டு ஆராய்ந்து எழுதினார். 1946-இல் திருச்சபை அவரை விலக்கியது. அவருடைய பெரியப்பனே பின்னர் அச்சபையின் தலைவராக விளங்கியவர். சுவானிட்டா புரூக்ஸ் என்னும் மற்றொரு பெண்மணி, 1857-இல் மார்மன் படையினர் வழிப்போக்கர் ஏறத்தாழ 120 பேரைக் கொன்ற கொடுமையை 1950-இல் நூலாக எழுதினார். ஆயினும் சபையைவிட்டு அவர் நீங்கவில்லை. ஒருவர் உண்மையைச் சொல்லி வெளியே நின்றார். ஒருவர் உண்மையைச் சொல்லி உள்ளேயே நின்றார். இருவரையும் ஒரே பலகையில் வைத்துப் படிக்கும் வட்டம், போகலாமா இருக்கலாமா என்ற முடிவைப் படிப்பவனிடமே விட்டுவிடுகிறது. எங்கள் வட்டத்தில் அம்முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. வஞ்சியில் மணிமேகலைக்கு எடுக்கப்பட்டிருந்ததுபோல.

புரூக்சைப் போன்றவர் நம்மிடம் இல்லாமலில்லை. படிக்கத்தான் இல்லை. வெளியேறியவனின் துயரைப் பாடிய நூலும் நம்மிடம் உண்டு; அது பெரியபுராணம். தருமசேனராகச் சமணத்தில் உயர்ந்திருந்த மருணீக்கியாரைத் திருப்பியது வாதம் அன்று. சூலை நோயும் தமக்கை திலகவதியாரும். இரவோடிரவாகப் பாயையும் பீலியையும் விட்டு வெண்துகில் உடுத்து அவர் வந்து விழும் இடம் ஒரு பெண்ணின் காலடி. சேக்கிழார் சொல்வது சைவத்தின் வெற்றி என்று சைவர் படிப்பர். கட்டுக்கதை என்று எங்கள் வட்டத்தார் ஒதுக்கினர். இரண்டும் அப்பகுதியைத் தவறவிட்டன. ஒரு கொள்கையை விடுவது உறவு ஒன்றை விடுவதாகவும் மற்றோர் உறவைத் தேடுவதாகவும் நிகழ்கிறது என்பதைச் சேக்கிழார் கண்டிருந்தார். தன் தாய் இறந்தபோது கொள்ளி வைக்கலாமா என்று தவித்த ஒருவர் எங்கள் வட்டத்தில் இருந்தார். அவர்க்குப் படித்துக் காட்ட எங்களிடம் எந்நூலும் இருக்கவில்லை. அல்லது இருந்த நூலைப் படிக்க நாங்கள் மறுத்திருந்தோம். இறுதியில் அவர் கொள்ளி வைத்தார். மறுவாரம் வந்து உட்கார்ந்தபோது கேலி செய்தவர் இருவர். அதன்பின் அவர் வரவில்லை.

அவ்விசுப்பலகை இன்று இல்லை. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. எஞ்சிய நிலங்கள் பலவற்றில் செம்பனை ஏறியது. பின்னர் நீலாய், லாபு, சிரம்பான் புறங்களில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் எழுந்தன. லயத்துப் பிள்ளைகள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். பல இடங்களில் மாரியம்மனும் உடன் பெயர்ந்தாள். படிப்புக் கூட்டம் பெயரவில்லை. ஐயம் மட்டும் இன்றும் உண்டு. ஒரே வீட்டில் ஒருவர் காவடி எடுக்கிறார், ஒருவர் சபைக்குப் போகிறார், ஒருவர் எதிலும் சேராமல் இருக்கிறார். அவர்கள் மூவரையும் ஒருங்கே உட்காரவைத்து ஒரு நூலைப் படிக்க யார் இருக்கிறார்கள்? தமிழ்ப்பள்ளி ஆசிரியரைத் தவிர வேறெவரும் என் கண்ணுக்குத் தென்படவில்லை.

எந்நூலில் தொடங்குவது என்று கேட்பார்க்கு, 27-ஆம் காதையில் என்பேன். பதின்மர்க்குப் பதின்மராகப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொருவரும் தமக்கு உடன்பாடில்லாத வாதியின் கூற்றை உரக்கப் படிக்கட்டும். பூதவாதியின் முறை வரும்போது, மணிமேகலையின் வினாவோடு ஏட்டை மூடிவிட்டு, அவன் என்ன விடை சொல்லியிருப்பான் என்று கூட்டத்தைக் கேட்கலாம். அந்த முதியவர் காலமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அவர் வினா இன்னும் விடையின்றிக் கிடக்கிறது.