பொன்னுக்குள் மறைந்த இளவரசி

எகிப்தை ஆண்ட தூலூனிய அமீர் குமாரவைஹின் மகள் அஸ்மா, 'பனித்துளி' எனப் பொருள்படும் கத்ருன் நதா என்னும் பெயராலேயே அறியப்படுகிறார். அவரைப் பற்றி நம் வரலாற்று நூல்கள் கூறுவன பெரிதும் சீர்வரிசைக் கணக்குகளே. பத்து இலட்சம் திர்ஹம் மஹர், நறுமணப் பொருள் இடிக்கும் பொன் உரல்கள், எகிப்திலிருந்து பக்தாத் வரை மகள் தங்கிச் செல்வதற்கெனத் தந்தை எழுப்பிய மாளிகைகள் என அவை விரிகின்றன. இப்னு கல்லிகான் 'வஃபயாத்துல் அஃயான்' நூலில் இவரது செய்தியைத் தந்தையின் வரலாற்றுக்குள்ளேயே அடக்கிவிடுகிறார்.

இத்திருமணத்தின் மூலம் தூலூனியரை வறுமையில் ஆழ்த்துவதே கலீஃபா அல்-முஃதளிதின் உள்நோக்கம் என்றும் சிலர் எழுதினர். இக்கூற்று ஆய்வுக்குரியது. எகிப்தையும் ஷாமையும் முப்பது ஆண்டுகளுக்குக் குமாரவைஹின் குடும்பத்திடம் விட்ட உடன்படிக்கை, ஆண்டுதோறும் மூன்று இலட்சம் தீனார் கப்பத்தையும் விதித்தது. அதனுடன் படைச் செலவும் அமீரின் ஆடம்பரமும் சேர்ந்தன. கருவூலம் வற்றிய பழியை ஒரு மணமகளின் பேழைகள்மீது மட்டும் சுமத்துவது நீதியன்று.

ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் உண்மை துலங்கும். குமாரவைஹ் மகளுக்கு முதலில் நாடிய மணமகன் கலீஃபாவின் மகன் அலீ. கலீஃபாவோ தாமே மணந்துகொண்டார். ஹிஜ்ரி 282 (கி.பி. 895)இல் திருமணம் நிறைவேறியது. அவ்வாண்டின் இறுதியிலேயே (கி.பி. 896) குமாரவைஹ் திமிஷ்கில் தம் ஊழியர்களாலேயே கொல்லப்பட்டார். ஹிஜ்ரி 287 (கி.பி. 900)இல் கத்ருன் நதாவும் மறைந்தார். ஹிஜ்ரி 292 (கி.பி. 905)இல் தூலூனிய ஆட்சியை முடித்துவைத்த படை, அல்-முக்தஃபீ என்னும் பெயரில் கலீஃபாவாகியிருந்த அதே அலீயின் படை! பெண்ணைப் பிணையாக்கிக் கட்டிய உறவு பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை.

அவர் பேசுவதாக நமக்குக் கிடைக்கும் செய்தி ஒன்று உண்டு. தம் மடியில் உறங்கிய கலீஃபாவின் தலையைத் தலையணையில் மெல்லச் சாய்த்துவிட்டு அவர் அகன்றார். விழித்துச் சினந்த கணவரிடம், உறங்குவோரிடையே அமர்வதும் அமர்ந்திருப்போரிடையே உறங்குவதும் கூடாது என்பது தந்தை கற்பித்த ஒழுக்கம் என்றார். அரசனின் சினத்தை அதபால் தணித்த அறிவு இது. ஆனால் நூலோர் இங்கும் தந்தையின் வளர்ப்பைப் புகழ்ந்தே நிறைவுறுகின்றனர்.

நிகாஹில் பெண்ணின் இசைவைக் கேட்கவும், மஹரை அவளுக்கே உரிமையாக்கவும் பணித்தது நம் மார்க்கம். திர்ஹம்களைத் துல்லியமாக எண்ணிய இவ்வறிஞர்கள், அவருடைய இசைவு கேட்கப்பட்டதா என்பதை எழுதவில்லை. எகிப்தின் பாமரப் பெண்களோ மருதாணிப் பாடல்களில் இன்றும் அவர் பெயரைச் சொல்லி அழைக்கின்றனர். ஏடுகள் செல்வத்தைக் காத்தன. நாவுகள் அவரைக் காத்தன.