புறம்போக்குக்கு ஒரு ராகமாலிகை

சென்னையில் ஒருவனைத் திட்டவேண்டுமானால் அவன் தாய் தகப்பனை இழுக்காமல், ஜாதியைச் சொல்லாமல், ஒரே வார்த்தையில் மானத்தை வாங்கிவிடலாம். ‘பொறம்போக்கு’ என்றால் போதும். ரெவினியூ கணக்கில் பிறந்த சொல் அது. வரி விதிப்புக்குப் புறம்பாகப் போனது புறம்போக்கு: மேய்ச்சல் தரை, ஏரி, ஆற்றங்கரை, களத்து மேடு, சுடுகாடு. ஊருக்கெல்லாம் சொந்தம், ஆகையால் ஒருவர் பேரிலும் பட்டா கிடையாது. வரி தராத நிலம் உதவாத நிலம் என்று சர்க்கார் எண்ணிற்று. உதவாத நிலத்தின் பெயர் நாளடைவில் உதவாத மனிதனுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த வசவை எடுத்து ஆனந்தபைரவியில் வைத்துப் பாடினார் டி. எம். கிருஷ்ணா, 2017 ஜனவரியில். ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ என்று பெயர். எழுதியவர் கபேர் வாசுகி, மெட்டமைத்தவர் ஆர். கே. ஸ்ரீராம்குமார். ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர் கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி என்று ஆறு ராகங்கள். எண்ணூர்க் கழிமுகத்தில், அனல் மின் நிலையத்தின் சாம்பலுக்கு நடுவே ரதீந்திரன் பிரசாத் இதைப் படம் பிடித்தார். ஏரியின்மேல் கட்டடம் எழுப்பியவர்களுக்கு வெள்ளம் வந்து பாடம் சொன்னதையும், வேலை, வளர்ச்சி என்று பேர் சொல்லிக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தைத் தூர்த்துக்கொண்டிருப்பதையும் பாட்டு சொல்கிறது. கடைசியில் பாடுகிறவர் தன்னையே பொறம்போக்கு என்று சொல்லிக்கொண்டு, நீ எப்படி என்று கேட்கிறார்.

ஆனந்தபைரவியில் தொடங்கியது எனக்குச் சாமர்த்தியமாகப் படுகிறது. அந்த ராகம் சியாமா சாஸ்திரிகளிடம் அம்பாளைப் பார்த்துக் கெஞ்சும் ராகம். தாலாட்டுக்கும் கல்யாணப் பாட்டுக்கும் பழகிய ராகம். வசவு வந்து உட்காரும் என்று யாரும் எதிர்பார்க்காத இடம். உட்கார்ந்த பிறகோ, அந்தச் சொல்லில் இருக்கும் வல்லின ‘ற’வும் முடிவில் வரும் ‘க்கு’வும் சங்கீதத்துக்கு எவ்வளவு தோதானவை என்று தெரிகிறது. ராகம் சொல்லை மெதுவாகத் திருப்பிக் காட்டுகிறது. நாலாவது முறை கேட்கும்போது அதில் வசவு இல்லை. நிலம்தான் இருக்கிறது. இதைச் சாதித்தது சங்கீதம். கட்டுரை எழுதிச் சாதித்திருக்க முடியாது.

சாஹித்யம் முழுவதும் அந்த உயரத்தில் நிற்கவில்லை. நடுவில் சில அடிகள் துண்டுப் பிரசுரத்தின் பாஷையில் இருக்கின்றன. வாதம் நியாயமானதுதான், ஆனால் வாதம் செய்கிற இடத்தில் பாட்டு கொஞ்சம் காத்துக்கொண்டு நிற்கிறது. ராகங்கள் ஒன்றை ஒன்று துரத்துவதால் நடுப்பகுதியில் சபா ரசிகர் வழக்கமான காரியத்தைச் செய்துவிடுகிறார்: ‘ஆகா, ஹமீர் கல்யாணி!’ என்று தலையை ஆட்டி, சாம்பலை மறந்துவிடுகிறார். ஸ்ரீராம்குமார் ஆழ்ந்த வித்வத் உள்ளவர் (2025-ல் மியூசிக் அகாடமி அவரைச் சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்ந்தெடுத்தது). அந்த ஆழமே சில இடங்களில் பாட்டுக்கு விரோதியாகிவிட்டது என்று சொன்னால் அபசாரமாகாது என்று நம்புகிறேன். சிந்துபைரவிக்கு வந்ததும் எல்லாம் சரியாகிறது. கச்சேரி முடிவில், ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாடப்படும் ராகம் அது. புறப்படுகிறவனைத் தோளைத் தொட்டு நிறுத்தி, நீ யார் என்று கேட்கிறது பாட்டு.

பூமி நாசமாகிறது என்று பாடுவதற்கு வேறு வழியும் இருக்கிறது. மேல்நாட்டில் ‘த்ராஷ் மெட்டல்’ என்று ஒரு சங்கீதம். நம்மவர் அதைக் கூச்சல் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். அதன் தாளக் கட்டுப்பாடு தனி ஆவர்த்தனத்தில் காது பழகினவர்களுக்குப் பிடிபடவேண்டியது. மெட்டாலிகா கோஷ்டி 1988-ல் வெளியிட்ட ‘பிளாக்கெண்ட்’ உலகம் கருகிச் சாவதைப் பற்றிய பாட்டு. தொடக்கத்தில் வரும் கிதார்களை வாசித்துப் பதிவு செய்து, பின்னிருந்து முன்னாக ஓட்டியிருக்கிறார்கள். காலமே தப்பாக ஓடுவதுபோல் ஒரு கலக்கம் உண்டாகிறது. பிறகு தாளம் மாறி மாறி இடிக்கிறது. பயங்கரமான பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அதில் சாகிற பூமிக்கு விலாசம் கிடையாது. யார் கொன்றார்கள், எந்த ஆற்றை, எந்த ஊரில் என்ற கேள்வியும் கிடையாது. குரலை ஒரு தடவைகூட உயர்த்தாத நம் பாட்டு எண்ணூர் என்று பேர் சொல்லிவிடுகிறது. கோபம் எதில் அதிகம் என்று கேட்டால், எனக்கு இதில்தான் அதிகம் என்று தோன்றுகிறது.

பாட்டு வந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் முணுமுணுப்புக் கேட்டது. கர்நாடக சங்கீதத்தில் சேரிப் பாஷையா என்றார்கள் ஒரு சாரார். 1941-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் தமிழிசைக்காக மாநாடு கூட்டியபோது, தமிழில் பாடலாமா என்பதே பெரிய சண்டையாக இருந்தது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. எந்தத் தமிழ், யாருடைய தமிழ் என்று அன்று பெரிதாக யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு இந்தப் பாட்டு பாக்கி தீர்க்கிறது. ஆகவே அந்த முணுமுணுப்பை நான் பொருட்படுத்தவில்லை.

மற்ற முணுமுணுப்பு கனமானது. வடசென்னைக்குக் கானா இருக்கிறதே, அவர்கள் துக்கத்தைச் சொல்ல மயிலாப்பூர்த் தொண்டை எதற்கு என்பது. எண்ணூர்க்காரனுக்காகப் பாடியது என்று வைத்துக்கொண்டால் இதற்குப் பதில் கிடையாது. ஆனால் எண்ணூரில் வலை போடுகிறவனுக்கு ஆற்றில் சாம்பல் இருக்கிறது என்று யாரும் பாடிச் சொல்லவேண்டியதில்லை. பாட்டு தெற்கு நோக்கிப் பாடப்பட்டது. அந்தச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய ராஜா அண்ணாமலைபுரத்தில் உட்கார்ந்து கேட்டால் இது விளங்கும். இங்கேயும் ஒரு கழிமுகம் உண்டு. அடையாற்று உப்பங்கழி குப்பையும் கட்டட இடிபாடுகளுமாகக் கிடந்து, பிறகு 58 ஏக்கர் சீர்திருத்தப்பட்டு 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நல்ல காரியம். அலையாத்திச் செடிகள் வளர்ந்தன, பறவைகள் வந்தன. முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே எம்.ஆர்.சி. நகரில் மாடிமேல் மாடி எழும்பியதும் உண்மைதான். இருந்தாலும், தெற்கே ஒரு புறம்போக்குக்குப் பூங்கா கிடைத்தது. வடக்கே ஒரு புறம்போக்குக்குச் சாம்பல் குட்டை கிடைத்தது. இங்கே குளிர்சாதனப் பெட்டி ஓட மின்சாரம் வேண்டாமா?

பாட்டு வெளிவந்த அதே மாதம் 28-ந் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கிற்று, வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் மறுபடி எண்ணெய் புகுந்தது; படகும் வலையும் கறுத்தன. அந்த மாதம் பாட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். ஹமீர் கல்யாணி வந்தபோது தலை ஆடவில்லை.