விரல்கள் தரும் முதல் மூச்சு

தாம்பரம், குரோம்பேட்டை, செங்கல்பட்டு என்று இந்தப் பக்கத்துப் பிரசவ அறைகளில், குழந்தையைக் கிடத்தும் வார்மர் அருகே சிறிய பை ஒன்று தயாராக இருக்கும். ஆம்பு பேக் என்பார்கள். 1956இல் டென்மார்க்கில் விற்பனைக்கு வந்தது. மின்சாரம் வேண்டாம், அழுத்தி விட்டால் தானே விரிந்து காற்றை இழுத்துக்கொள்ளும்.

பிறந்ததும் அழாத குழந்தைக்கு முதல் நிமிடம் பொன்னானது. துடைத்து, முதுகை நீவியும் மூச்சு வராவிட்டால், செவிலியர் குழந்தையின் வாயும் மூக்கும் மூடும்படி, கண்ணில் படாமல் முகமூடியைப் பொருத்தி, நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை பையை அழுத்துகிறார். மூன்று கிலோ குழந்தையின் ஒரு மூச்சு சுமார் 20 மில்லிதான். முழுக் கையால் அமுக்கக் கூடாது, விரல்கள் போதும். மார்பு லேசாக எழுவதே அளவுகோல். அந்த விரல்களின் பக்குவத்தைப் பெரிய கலையாகவே மதிக்கிறேன்.

இது கைகூடாமல், மூச்சுத்திணறலில் குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டபின், உடலை 72 மணி நேரம் 33 - 34 டிகிரியில் குளிர்விக்கும் சிகிச்சை உண்டு. பணக்கார நாடுகளில் பலன் தந்த அது, சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வில் கைகொடுக்கவில்லை; இறப்பு கூடியது என்றே 2021இல் முடிவு வெளியானது.

ஆகவே நம் ஊரில் பச்சிளம் மூளைக்கு முதல் காவல் இந்தப் பைதான். அதைப் பிடிக்கும் கைகளுக்குப் பயிற்சி ஒருநாளும் நிற்கக் கூடாது.