கடைசி எபிசோடு யாருக்குக் கடன்பட்டிருக்கிறது?

ஒரு தொடரின் கடைசி எபிசோடு எப்படி இருந்தால் மனசு நிறையும்? யாரும் எதிர்பார்க்காத திருப்பம் வேணும் என்பது பலரின் பதில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் எபிசோடு கேட்ட கேள்விக்கு, ஏற்கனவே காட்டின சங்கதிகளை வைத்தே பதில் சொல்லணும். கடைசி எபிசோடின் கடன் அதுதான்.

எங்க இலத்தூர், தென்காசி பக்கம் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்கிறவர்களைப் பாருங்கள். முத்துப்பட்டன் கதையில் பட்டன் மாடு காக்கப் போய் உயிரை விடுவான், பொம்மக்காவும் திம்மக்காவும் அவனோடு தீயில் இறங்குவார்கள். இது கூட்டத்துக்கே தெரியும். ஆனாலும் வாழி பாடி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். சாவு இங்கே சஸ்பென்ஸ் இல்லை. செத்தவன் எப்படிச் சாமியானான் என்பதற்கான பதிலுக்குத்தான் காத்திருப்பு.

டிவியில் நான் கைகாட்டுவது 90களில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு'. (முடிவைச் சொல்லப் போறேன். பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா' நாவலை வைத்து நாகா இயக்கியது. கதை இரண்டு காலத்தில் நடக்கும்: ராஜேந்திரனின் சின்ன வயசு ஒருபக்கம், வளர்ந்த பிறகு இன்னொருபக்கம். தப்பு செய்கிறவர்களைத் தண்டிப்பது கருப்புசாமியா, மனுசனா? இதுதான் கேள்வி. பதில், ராஜேந்திரனுக்கே தெரியாமல் அவனுக்குள் இருக்கும் இன்னொரு ஆள். சாஃப்ட்வேரில் ரூட் காஸ் என்போமே, அது முதலிலிருந்தே சின்ன வயசுக் காட்சிகளில் நம் கண்முன்னேதான் கிடந்தது. நாம் அதை வெறும் பிளாஷ்பேக் என்று நினைத்துக் கடந்துவிட்டோம். கடைசியில் புதுசாக ஒரு வில்லனைக் கொண்டுவந்திருந்தால் அதிர்ச்சி கிடைத்திருக்கும், நிறைவு கிடைத்திருக்காது.

நீளம் இதற்குத் தடையா? இல்லை. அமெரிக்காவின் 'மாஷ்', 3 வருஷம் நடந்த கொரியப் போரை வைத்து 1972 முதல் 1983 வரை 11 சீசன் ஓடியது. போர்முனை ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்ட டாக்டர்கள் எப்போ வீட்டுக்குப் போவார்கள் என்பதுதான் அடிப்படைக் கேள்வி. கடைசியில் போர் முடிகிறது, கிளம்புகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த முடிவைத்தான் 10 கோடிக்கும் மேலான பேர் பார்த்தார்கள்.

நம் மெகா சீரியலின் சிக்கல் வேற. டிஆர்பி இருக்கிறவரை கேள்வியை மூட மாட்டார்கள். 'எதிர்நீச்சல்' 2022இல் தொடங்கியபோது கேள்வி கூர்மையாக இருந்தது: படித்த மருமகள்களை அடுப்படியில் அடைத்த வீட்டிலிருந்து அவர்கள் எப்படி வெளியே வருவார்கள்? 2023 செப்டம்பரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்தார். அது யார் கையிலும் இல்லாத இழப்பு. ஆனால் 2024 ஜூனில் முடிந்த தொடர், அதே டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று திரும்பி வந்தது. முடிவு என்று நாம் பார்த்தது இடைவேளையாகிப் போச்சு. மருமகள்கள் அடைந்த விடுதலையையும் திருப்பி எடுத்தால்தானே கதை மறுபடி ஓடும்? தினமும் கூடவே நடந்த பார்வையாளரின் நம்பிக்கைக்கு என்ன மரியாதை?

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். கடைசி எபிசோடு முடிந்த கையோடு முதல் எபிசோடை மறுபடி பார்க்கத் தோணுதா? தோணினால் கடன் தீர்ந்தது என்று அர்த்தம்.