உழவன் மேல் விழுந்த பழி

உலகில் எங்கே பேரழிவு நிகழ்ந்தாலும் டபிள்யூ. எச். ஆடனின் ஒரு கவிதையை யாராவது எடுத்துப் போடுகிறார்கள். 1938 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தின் ஓவியங்களை முன்வைத்து அவர் எழுதிய 'ம்யூசே தெ போசார்' அது. கூடவே, வானிலிருந்து கடலில் விழுந்து மூழ்கும் இக்காரஸைக் காட்டும், ப்ரூகெல் வரைந்ததாகச் சொல்லப்படும் ஓவியமும் வரும். ஒருவன் துடித்துச் சாகும் வேளையில் மற்றவர்கள் தங்கள் பாட்டுக்கு வேலை பார்க்கிறார்கள், மனிதனின் அலட்சியத்தை இவ்வளவு உண்மையாகச் சொன்ன படைப்புகள் வேறு இல்லை என்று ஒரு பாராட்டும் சேர்ந்துகொள்ளும். வகுப்பறையிலும் இலக்கியக் கூட்டங்களிலும் இது மறுபேச்சில்லாமல் ஏற்கப்படுகிறது. என்னால் ஏற்க முடிந்ததில்லை.

இரண்டும் பெரிய கலை என்பதில் ஐயமில்லை. ஆடன் குரலை உயர்த்துவதே இல்லை; பேச்சு வழக்கின் நிதானத்திலேயே ஒரு மரணத்தைக் கடந்து போகிறார், அது நம்மைச் சுடுகிறது. ஓவியத்தில் சிவப்புச் சட்டை உழவன் முன்னால் பெரிதாக நிற்க, மூழ்குபவனின் கால்கள் வலது மூலையில் சிறிதாகத் தெரிகின்றன. தலைப்பைப் படித்த பிறகுதான் நம் கண் அவற்றைத் தேடுகிறது. நாமும் பார்க்கத் தவறியவர்களே என்று நம்மை உணரவைக்கும் அந்த அமைப்பு மிகவும் கூர்மையானது. இப்போதிருக்கும் துணி ஓவியம் ப்ரூகெலின் கைப்பட்டது அல்ல, தொலைந்த மூலத்தின் நகலாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அதனால் அதன் ஆற்றல் குறைவதில்லை.

என் சிக்கல் வேறு. இந்த ஓவியத்தில் உண்மையில் யார் அலட்சியமாக இருக்கிறார்கள்?

ஓவிட்டின் 'உருமாற்றங்கள்' காவியத்தில் உழவனும் மேய்ப்பனும் தூண்டில்காரனும் வருகிறார்கள். அங்கே அவர்கள் வானத்தில் பறக்கும் தந்தையையும் மகன் இக்காரஸையும் பார்த்து, தேவர்களோ என்று வாயடைத்து நிற்பவர்கள். ஓவியர் அந்த மூவரையும் எடுத்துக்கொண்டு, வியப்பை மட்டும் அகற்றிவிட்டார். மேய்ப்பன் மட்டும் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான். பிரஸ்ஸல்ஸிலேயே வான் ப்யூரன் அருங்காட்சியகத்தில் இதே காட்சியின் இன்னொரு வடிவம் இருக்கிறது. அதில் தந்தை டெய்டலஸ் வானில் பறக்கிறார். மேய்ப்பன் அவரைத்தான் பார்க்கிறான். புகழ்பெற்ற ஓவியத்தில் டெய்டலஸ் இல்லாததால், அதே மேய்ப்பன் வெறும் வானத்தைப் பார்த்துக் கனவு காண்பவனாகிவிட்டான். பராக்குப் பார்ப்பவன் என்று விமர்சகர்கள் அவனுக்குப் பட்டமும் கட்டிவிட்டார்கள். உழவனோ குனிந்து உழவுச் சாலைப் பார்க்கிறான். கடல் அவனுக்குப் பின்னால் கீழே கிடக்கிறது. தூண்டில்காரன் ஒருவன்தான் நீருக்கு அருகில் இருக்கிறான். அவனைக் குற்றம் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். மற்ற இருவருக்கும் என்ன நடந்தது என்றே தெரியாது. தெரியாமல் இருந்தவனை அலட்சியக்காரன் என்று எப்படிச் சொல்வது? தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்வதல்லவா அலட்சியம்?

இந்த வேறுபாடு ஆடனுக்குத் தெரியாததல்ல. உழவன் சத்தத்தைக் கேட்டிருக்கக்கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். கப்பலோ கண்டிப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார். அந்தக் கப்பல் விலை உயர்ந்தது, அதற்குப் போக வேண்டிய இடம் இருந்தது என்பதும் கவிதையிலேயே இருக்கிறது. பார்த்தது, திரும்பக்கூடிய வசதி இருந்தது, ஆனாலும் போய்விட்டது. படம் முழுவதிலும் வழக்குத் தொடர வேண்டிய ஒரே தரப்பு அதுதான். அதன் சொந்தக்காரர் யார், உள்ளே என்ன சரக்கு, தாமதித்தால் யாருக்கு நட்டம் என்று கவிதை ஒரு கணம்கூட நிற்பதில்லை. உழவனும் கப்பலும் ஒரே தட்டில் வைக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து 'உலகம் இப்படித்தான்' என்று ஆகிவிடுகின்றன. சாகிறவனுக்காக ஏர் நிற்பதில்லை என்ற பழமொழியை இந்த ஓவியத்துக்கு விளக்கமாகச் சொல்வார்கள். ஏரை நிறுத்தினால் அந்த ஆண்டு யார் வீட்டில் உலை ஏறாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கப்பலை நிறுத்தியிருந்தால் யாரும் பட்டினி கிடந்திருக்க மாட்டார்கள்.

இதே சறுக்கல் கவிதையில் முன்பே நிகழ்ந்துவிடுகிறது. கொடுமை நடக்கும் இடத்தில் நாய்களையும் வதைப்பவனின் குதிரையையும் காட்டுகிறார் ஆடன். பெத்லகேம் குழந்தைகளின் படுகொலையைக் காட்டும் ப்ரூகெலின் ஓவியத்தை நினைத்து எழுதிய வரிகள் இவை என்று பலரும் கருதுகிறார்கள். ப்ரூகெலின் மகன் வரைந்த பிரதி பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. அந்த ஓவியத்தைப் பாருங்கள். கதவை உடைக்கும் சிப்பாய்கள், பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் தாய்மார்கள், குதிரை மேல் இருப்பவனைச் சூழ்ந்து மன்றாடும் ஊர்க்காரர்கள். அங்கே சும்மா இருந்தவர்கள் யாரும் இல்லை. ஆடனின் கண் குதிரையிடம் போகிறது. குதிரைக்கு ஒரு பாவமும் தெரியாது. அதன் மேல் ஏறி வந்தவனைப் பற்றித்தான் நாம் பேசியிருக்க வேண்டும்.

மூல ஓவியத்துக்கு நேர்ந்த கதி இன்னும் கொடிது. இங்கிலாந்து அரச சேகரிப்பில் இருக்கும் அந்த ஓவியம் ஒரு காலத்தில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபிடம் இருந்தது. அப்போது கொல்லப்பட்ட குழந்தைகள் மேல் வேறு வண்ணம் பூசப்பட்டது. குழந்தை இருந்த இடங்களில் மூட்டைகளும் வீட்டு விலங்குகளும் வந்தன. மடியில் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு ஒரு தாய் கதறுகிறாள். படுகொலை ஒரு கொள்ளையாகிவிட்டது. பிறர் துன்பத்தைக் கண்டுகொள்ளாமை என்பதற்கு எனக்குத் தெரிந்த அப்பட்டமான சான்று இதுதான். அது ஓவியத்துக்குள் இருக்கும் எந்த விவசாயியின் செயலும் அல்ல, ஓவியத்தைச் சொந்தமாக வைத்திருந்தவர் தரப்பில் நடந்தது.

1938ஐயும் நினைத்துப்பாருங்கள். ஜூலையில் பிரான்சின் எவியானில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இருந்து தப்பும் யூதர்களுக்காக வருந்திப் பேசினார்கள். அநேகமாக எல்லா நாடுகளும் கதவைத் திறக்க மறுத்துவிட்டன. நவம்பரில் யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் நொறுக்கப்பட்டு எரிக்கப்பட்டன. அடுத்த மாதம் எழுதப்பட்ட கவிதை இது. விவரம் அறிந்தவர்கள், கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர்கள் கைவிரித்த ஆண்டில், துன்பத்தைக் கண்டுகொள்ளாதவனுக்கு உருவமாக ஏர் ஓட்டுபவன் கிடைத்திருக்கிறான்.

நம்மிடம் இதற்குச் சமமான பாட்டு இல்லையா என்று புறநானூற்றின் 194ஆம் பாடலைக் காட்டுவார்கள். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. பக்குடுக்கை நன்கணியார் மணவீட்டாரைக் குற்றம் சொல்லவில்லை. உலகத்தை இப்படிப் படைத்தவனைச் சாடுகிறார். இறப்பின் முன்னால் அந்தச் சீற்றம் நியாயமானது. நோயும் மூப்பும் கொண்டுபோகும் சாவுக்கு அது பொருந்தும். ஒரு அரசாணையால், ஒரு முத்திரை மறுக்கப்பட்டதால் நேரும் சாவுக்குப் படைத்தவனை இழுக்கக் கூடாது. இங்கே பொறுப்பாளிகளுக்குப் பெயரும் பதவியும் உண்டு.

முடியாத காரியத்தையா கேட்கிறேன்? ஓவியர் கோயா செய்து காட்டியிருக்கிறார். 'போரின் பேரழிவுகள்' வரிசையில் 61ஆம் அச்சோவியம், 1811–12இல் மாட்ரிட்டில் பஞ்சம் தாக்கிய காலத்தைச் சேர்ந்தது. ஒரு பக்கம் பசியில் சுருண்டு கிடக்கும் மக்கள். மறுபக்கம் நல்ல உடையில் நிற்கும் மனிதர்கள். இரு கூட்டத்துக்கும் இடையில் சில எட்டு தூரம்தான். இவர்கள் வேறு குலத்தவர் போலும் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார். அலட்சியம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை அந்தத் தலைப்பு சொல்லிவிடுகிறது: இவன் என்னைச் சேர்ந்தவன் அல்ல என்ற முடிவிலிருந்து. கடற்கரையும் வசந்தகால ஒளியும் அங்கே இல்லை. பார்ப்பவர் அழகில் இளைப்பாற இடமே இல்லை. கோயா இறந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு, 1863இல்தான் அந்த வரிசை வெளியாயிற்று.

ஆடனே இதைச் செய்திருக்கிறார் என்பதுதான் என் ஆதங்கத்தைப் பெரிதாக்குகிறது. பிரஸ்ஸல்ஸ் கவிதைக்குச் சில மாதங்கள் கழித்து, 1939இல், 'ரெஃப்யூஜி ப்ளூஸ்' எழுதினார். ஒரு யூதத் தம்பதியின் பாட்டு அது. கடவுச்சீட்டு இல்லாதவர்களைச் செத்தவர்களாகக் கணக்கெழுதும் தூதரக அதிகாரி அதில் இருக்கிறார். மரியாதையாக உட்காரவைத்து, பிறகு வரச் சொல்லி அனுப்பும் குழு இருக்கிறது. அகதிகள் தங்கள் சோற்றைப் பறிப்பார்கள் என்று மேடையில் அச்சமூட்டுபவர் இருக்கிறார். எல்லோரும் அவர்களைப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், காரணத்தோடு மறுக்கிறார்கள். வடிவத்தில் எளிய பாட்டு; அருங்காட்சியகக் கவிதையின் நுணுக்கம் அதில் இல்லை என்று விமர்சகர்கள் சொல்லலாம். பிறர் துன்பத்துக்கு முன் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்ல ஆடனின் ஒரே ஒரு கவிதைக்குத்தான் பாடத்திட்டத்தில் இடமிருக்கிறது என்றால், நான் இதைத்தான் வைப்பேன்.