வலது ஸ்டிக்கின் சுகம்

ஆடி மாதம் மூலனூர்ப் பக்கம் நின்றால் காது நிறையக் காற்று. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் வெள்வேல மரங்கள் ஒரே பக்கமாகச் சாயும். அப்பால் காற்றாலைகள் சுழலும். அந்தக் காற்றை 2015-இல் வந்த 'விட்சர் 3' விளையாட்டுக்குள் மறுபடி கண்டேன். புயல் கிளம்பியதும் மரங்கள் வளைந்தன. குதிரையை நிறுத்திவிட்டு, கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கை மெல்லத் திருப்பினேன். நாயகன் அசையவில்லை, அவனைச் சுற்றி என் பார்வை மட்டும் போனது. சண்டையைவிட எனக்கு இதுதான் பெரிது. எங்கே பார்ப்பது என்பதை நானே முடிவு செய்யும்போது அந்த நிலம் என்னுடையதாகிறது.

'ஸ்கைரிம்' (2011) விளையாட்டு இன்னும் நெருக்கம். மவுஸ் சக்கரத்தை முன்னே உருட்டினால் நாயகன் கண்ணே நம் கண். பின்னே உருட்டினால் அவன் முதுகும் பனிமலையும். சும்மா நின்றுகொண்டே இருந்தால் கேமரா தானாகவே அவனை வலம் வரத் தொடங்கும்!

புனேயில் உருவான 'ராஜி' (2020) சாகச விளையாட்டில் அந்த உரிமை கிடையாது. கேமராவை நாம் திருப்ப முடியாது. ஆனால் ராஜஸ்தானக் கோட்டைகளின் சாயலில் எழுப்பிய மதிலோரம் அதன் நாயகியான சிறுமி ஓடும்போது, கேமரா விலகி விலகிப் போய் அவளைப் புள்ளியாக்கிவிடும். அங்கே மட்டும் ஸ்டிக்கைத் தேடாமல் என் விரல் சும்மா இருந்தது.